முதற்காட்சியின் நினைவும் அதன் சான்றும்

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. வழக்கு மன்றத்திற்கும் ஊர்ப் பஞ்சாயத்திற்கும் உரியதென்று கருதப்படும் இம்மொழி சினிமாக் கொட்டகைக்கும் பொருந்துமோ என்று சிலர் நகைக்கக்கூடும். பொருந்தும் என்பதே நமது துணிபு. ஆயிரம் பேர் ஒருங்கிருந்து ஒரே திரையைக் கண்டு, ஒரே ஒலியைக் கேட்டு வெளிவந்த பின்னும், அவர்கள் நெஞ்சிற் பதிந்தது ஒன்றாகவும் திரையில் ஓடியது பிறிதொன்றாகவும் இருப்பதுண்டு. அதற்குச் சரித்திரத்திலே சான்றுகள் பல.

1977-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விஞ்ஞானக் கற்பனைப் படத்தை முதன்முதல் கொட்டகையிற் கண்டோரின் நினைவுகள், ஏட்டிலும் பேச்சிலும் ஏராளமாகக் கிடக்கின்றன. எந்த ஊர், எந்தக் கொட்டகை, யாருடன் சென்றோம், வரிசையில் எத்துணை நேரம் நின்றோம் என்பனவற்றை, அரை நூற்றாண்டு அணுகும் இக்காலத்தும் மறவாது உரைப்போர் பலர். ஒரு பெரும் போரையோ ஒரு நாட்டின் விடுதலை நாளையோ நினைவு கூர்வதுபோல மக்கள் ஒரு படக்காட்சியை நினைவு கூர்வானேன்? அந்நினைவுகளைச் சரித்திரம் எழுதுவோர் எம்மட்டில் நம்பலாம்? அன்று அவர்கள் கண்ட அப்படம் பின்னர் என்னவாயிற்று? இம்மூன்று வினாக்களையே நாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

காலமும் களமும்

ஒரு படம் மக்கள் நெஞ்சைக் கவர்ந்தது ஏன் என்றறிய விரும்புவோர் அப்படத்தை மட்டும் பார்த்தல் போதாது. அதனைக் கண்ட மக்கள் அந்நாளில் எந்நிலையில் இருந்தனர் என்பதையும் பார்த்தல் வேண்டும். 1974 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்ஸன், வாட்டர்கேட் ஊழலின் விளைவாகப் பதவி துறந்தார். 1975 ஏப்ரலில் சைகோன் நகரம் வீழ்ந்து, வியட்நாம் போர் அமெரிக்காவின் தோல்வியாக முடிந்தது. சந்திரனில் மனிதர் இறங்கும் பயணங்களும் 1972 டிசம்பரில் சென்ற 'அப்பல்லோ 17' உடன் நின்றுபோயின. ஆட்சியிலே நம்பிக்கை குன்றி, போரிலே பெருமை குன்றி, விண்வெளிக் கனவும் பாதியில் நின்ற காலம் அது.

அக்காலத்து விஞ்ஞானக் கற்பனைப் படங்களும் அத்தளர்ச்சியையே காட்டின. 1968-இல் வெளிவந்த 'பிளானெட் ஆப் தி ஏப்ஸ்' மனித நாகரிகம் தன்னைத்தானே அழித்துக்கொண்டமையைக் காட்டி முடிந்தது. 1973-இல் வந்த 'சாய்லண்ட் கிரீன்' உணவின்றி நெருக்குண்டு வாடும் நகரமொன்றைக் காட்டிற்று. 1976-இல் வந்த 'லோகன்ஸ் ரன்' முப்பது வயது எய்தியோரைக் கொன்றொழிக்கும் சமுதாயத்தைக் காட்டிற்று. இவை பொருளற்ற படங்கள் என்று நாம் கூறமாட்டோம். இவை அறிவுடையோர் விடுத்த எச்சரிக்கைகள். ஆயினும், எச்சரிக்கையையே நாளும் கேட்டுக் களைத்தவர்கள் ஒருநாள் நல்ல சேதி கேட்க ஏங்குவது இயல்பன்றோ?

இந்நிலையில் ஜார்ஜ் லூக்காஸ் என்னும் இளம் டைரக்டர், தம் சிறு பிராயத்திற் கண்டு மகிழ்ந்த பழைய 'பிளாஷ் கார்டன்' தொடர்ப் படங்களைப் போன்றதொரு வீரக்கதையை எடுக்க விரும்பினார். அக்கதையின் உரிமையைப் பெற முயன்றும் கிட்டாமையால் தாமே ஒன்றைப் புனைந்தார். ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா 1958-இல் எடுத்த 'மறைந்த கோட்டை' என்னும் படத்தில், ஓர் அரச குமாரியின் கதை இரண்டு ஏழைக் குடியானவர்களின் கண் வழியே சொல்லப்படும். அம்முறையை லூக்காஸ் தம் படத்தில் இரண்டு இயந்திர மனிதர்களுக்குப் பொருத்திக்கொண்டார். புதுமையின் சிகரமெனப் போற்றப்பட்ட அப்படத்தின் வேர்கள் பழமையிலே ஊன்றியிருந்தன. அவற்றுள் ஒரு வேர் நமது ஆசியாவிலிருந்து சென்றது என்பதை நாம் மறத்தலாகாது.

கூட்டம் கூடிய விதம்

படத்தை வெளியிட்ட 'டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ்' கம்பெனிக்கு ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் செலவாயிற்று. அவ்வளவு செலவிட்டும், படம் வெற்றி பெறும் என்ற உறுதி கம்பெனியாருள் பலருக்கு இல்லை. கொட்டகை முதலாளிகளோ அதனை ஏற்கத் தயங்கினர். அந்தக் கோடையில் பெரும் பணம் ஈட்டுமென்று எல்லோரும் எதிர்பார்த்தது 'தி அதர் சைட் ஆப் மிட்நைட்' என்னும் வேறொரு படத்தை. அது வேண்டுமாயின் இதனையும் ஏற்கவேண்டும் என்று சில கொட்டகைகள் வற்புறுத்தப்பட்டன. எந்தப் படத்தைக் காட்டி எந்தப் படத்தை விற்றார்கள் என்பதை இன்று நினைப்போர்க்கு நகைப்பே தோன்றும். அறிவாளிகளின் கணிப்பும் வியாபாரிகளின் கணக்கும் பொதுமக்களின் உள்ளத்தை அளந்துவிடா என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மே 25, புதன்கிழமை. அப்பெருநாடு முழுவதற்கும் முப்பத்திரண்டு கொட்டகைகளிலேயே படம் தொடங்கிற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்னத்தக்க அவ்வெண்ணிக்கை, வரிசைகளை மேலும் நீளச் செய்தது. அன்று லூக்காஸ் தம் துணைவியாருடன் ஹாலிவுட் வீதியொன்றில் உணவருந்தச் சென்றார். எதிரே இருந்த 'சைனீஸ் தியேட்டர்' என்னும் புகழ்பெற்ற கொட்டகையின் வாயிலில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. படத்தின் ஒலியமைப்பு வேலையில் இரவும் பகலும் மூழ்கியிருந்த அவர், தம் படம் வெளியாகும் நாள் அதுவே என்பதையும் மறந்து, கூட்டம் எதற்கு என்று வியந்தாராம். படைத்தவனே அறியாதிருக்க, பார்ப்பவர் முந்திக்கொண்டனர்!

அதே கொட்டகையில் ஜூன் 24-ஆம் நாள் முன் ஒப்பந்தப்படி 'சார்சரர்' என்னும் படம் இடப்பட்டது. 'ஸ்டார் வார்ஸ்' இடம் பெயர்ந்தது. புதிய படத்திற்குக் கூட்டம் வரவில்லை. ஆகஸ்டு 3-ஆம் நாள் பழைய படம் மீண்டும் அக்கொட்டகைக்கே வந்து சேர்ந்தது. நடிகர்களின் கால் தடங்கள் சிமெண்டில் பதிக்கப்பெறும் அக்கொட்டகையின் முற்றத்தில், இயந்திர மனிதர்களுக்கும் அவ்வாறு தடம் பதிக்கும் விழா எடுத்தனர். 1975-இல் வந்த 'ஜாஸ்' என்னும் படத்தின் வசூலை அவ்வாண்டு நவம்பரிலேயே இது தாண்டிற்று. சில கொட்டகைகளில் ஓராண்டுக்கும் மேல் ஓடிற்று. ஒரு முறை கண்டோரே மீண்டும் மீண்டும் வந்ததனால் விளைந்த வெற்றி இது.

இலண்டன் நகரத்தாரின் அனுபவம் வேறு. அங்குப் படம் வந்தது 1977 டிசம்பர் 27-ஆம் நாளில், இரண்டே கொட்டகைகளில். ஏழு மாதம் பத்திரிகைகளிற் படித்தும் பிறர் சொல்லக் கேட்டும் காத்திருந்த பின்னரே அவர்கள் கண்டனர். மே மாதத்து அமெரிக்கன் ஒன்றுமறியாது உள்ளே சென்றான். டிசம்பர் மாதத்து ஆங்கிலேயன் எல்லாம் கேட்டறிந்து உள்ளே சென்றான். இருவரும் 'முதற்காட்சி' என்றே சொல்லுவர். ஆனால், அச்சொல்லின் பொருள் இருவர்க்கும் ஒன்றன்று.

வியாபாரிகள் இந்த ஆவலை வீணாக்குவரோ? படத்தின் பாத்திரங்களைப் பொம்மைகளாகச் செய்யும் உரிமை பெற்றிருந்த 'கென்னர்' கம்பெனியார், 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆதலின், பொம்மை பின்னர் அனுப்பப்படும் என்னும் சீட்டை அட்டை உறையிலிட்டு அதனையே விலைக்கு விற்றனர். பெற்றோர் அதனையும் வாங்கினர். நாளை வரும் என்ற சொல்லுக்கு இன்று பணம் பெறும் வித்தை பூசாரிக்கு மட்டுமே உரியதன்று என்பதை வாசகர்கள் இதனால் அறியலாம்.

அற்புதமும் அதன் பின்னுள்ள கைகளும்

அன்று கண்டோரைக் கேட்டால், பெரும்பாலோர் முதலிற் சொல்வது படத்தின் தொடக்கத்தையே. இருண்ட வானில் மஞ்சள் எழுத்துக்கள் சரிந்து மேலேறி மறைகின்றன. பின்னர் ஒரு சிறு கலம் விரைந்தோடுகின்றது. அதனைத் துரத்தி, திரையின் மேல் விளிம்பிலிருந்து மற்றொரு கலம் வருகின்றது, வருகின்றது, வந்துகொண்டே இருக்கின்றது. அதன் அடிப்பாகம் தலைக்கு மேலே ஊர்ந்து செல்ல, அதற்கு முடிவே இல்லையோ என்று மக்கள் மலைத்தனர். நல்ல ஒலிக்கருவி அமைந்த கொட்டகைகளில் நாற்காலியும் அதிர்ந்ததாகக் கூறுவர்.

இதனை மாயம் என்று விடுவது நமது வழக்கமன்று. இது செய்யப்பட்ட விதம், மாயத்தினும் வியக்கத்தக்கது. கண்ணுக்கு எட்டாத நீளமுடையதாய்த் தோன்றிய அப்பெருங்கலத்தின் மாதிரியுரு ஏறக்குறைய மூன்றே அடி நீளமுடையது. அது துரத்திய 'சிறு' கலத்தின் மாதிரியுருவோ அதனினும் பெரியது! பெரியதைச் சிறியதாகவும் சிறியதைப் பெரியதாகவும் காட்டியது காமிராவின் இயக்கமே. 1975-இல் லூக்காஸ் இவ்வேலைக்கென்றே ஒரு தொழிற்சாலையை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள வான் நைஸ் என்னும் இடத்திற் கிடங்கொன்றில் நிறுவினார். அங்கே ஜான் டைக்ஸ்ட்ரா என்பவரின் தலைமையில் இளைஞர் கூட்டமொன்று, மின்கருவியால் நடத்தப்படும் காமிரா ஒன்றை அமைத்தது. கலம் அசையாதிருக்கக் காமிரா அசையும். ஒருமுறை சென்ற வழியை மயிரிழையும் பிசகாது அது மீண்டும் மீண்டும் சென்று வரும். அதனால் தனித்தனியே எடுத்த பல காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்க முடிந்தது.

ஒலியின் கதையும் அத்தகையதே. பென் பர்ட் என்னும் இளைஞர் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு உலகத்தின் ஓசைகளைத் தேடியலைந்தார். பகைவரின் போர்க்கலம் பறந்துவரும்போது கேட்கும் அலறல், யானையின் பிளிறலும் ஈரச் சாலையில் மோட்டார் ஓடும் ஓசையும் கலந்தது. ஒளிவாளின் முரலொலி, பழைய படக்காட்சி இயந்திரத்தின் மோட்டார் ஓசையும் டெலிவிஷன் பெட்டியின் இரைச்சலும் கூடிப் பிறந்தது. துப்பாக்கியின் ஓசை, கம்பத்தைத் தாங்கி நிற்கும் கம்பியைச் சுத்தியலால் தட்டி எடுத்தது. வானுலக ஓசையென்று மக்கள் மெய்சிலிர்த்துக் கேட்டவை யாவும் மண்ணுலகத்து ஓசைகளே. அடுத்த ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் இப்படத்திற்கு ஆறு 'ஆஸ்கார்' பரிசுகளை அளித்ததோடு, பர்ட்டுக்கும் தனிப் பரிசொன்றை ஈந்தனர்.

பகுத்தறிவாளர் ஒருவர் குறுக்கிட்டு, காற்றற்ற விண்வெளியில் ஓசை எழுமோ என வினவலாம். எழாது. 'பார்செக்' என்பது தூரத்தின் அளவாயிருக்க, அதனைக் காலத்தின் அளவுபோல் ஒரு பாத்திரம் பேசுவதும் பிழையே. இது விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் படமன்று. விஞ்ஞானத்தின் உடையை அணிந்த வீரக்கதை. அதே 1977-ஆம் ஆண்டின் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 'வாயேஜர்' என்னும் இரண்டு மெய்யான கலங்கள் வியாழனையும் சனியையும் நோக்கிப் புறப்பட்டன. அவற்றைச் செலுத்தியது அறிவு. ஆனால், அண்ணாந்து பார்க்கும் ஆவலைப் பல சிறுவர்க்கு ஊட்டியது இக்கதை. கதையைக் கதையென்று அறிந்து சுவைப்பதில் பகுத்தறிவுக்கு இழுக்கு யாதுமில்லை. கதையை வேதமாக்குவதிலேதான் இழுக்கு.

நெஞ்சில் விளைந்தவை

ஒரு படக்காட்சி மனிதர் வாழ்வை மாற்றுமோ என்று ஐயுறுவோர்க்கு மூவரின் கூற்றைச் சான்றாகத் தருகின்றோம். ஜேம்ஸ் காமரூன் என்பவர் அந்நாளில் லாரி ஓட்டிப் பிழைத்து வந்தார். இப்படத்தைக் கண்டபின், தாம் மனத்திற் கண்டுகொண்டிருந்தவற்றை மற்றொருவர் செய்துவிட்டார் என்னும் தவிப்பு மேலிட, லாரியை விட்டுப் படத்தொழிலுக்கு வந்ததாக அவரே கூறியுள்ளார். ஆங்கில டைரக்டர் ரிட்லி ஸ்காட் பழைய காதற் காவியமொன்றைப் படமாக்க எண்ணியிருந்தார். ஹாலிவுட்டில் நிறைந்த கூட்டத்தின் நடுவே இப்படத்தைக் கண்டதும் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்; பின்னர் 1979-இல் 'ஏலியன்' என்னும் விண்வெளிப் படத்தைத் தந்தார். ஏழு வயதில் இதனைக் கண்ட கிறிஸ்டோபர் நோலன், அதன்பின் தந்தையார் தம்மை இலண்டன் கொட்டகைக்கு அழைத்துச் சென்று 1968-ஆம் ஆண்டின் '2001' என்னும் பழைய படத்தைக் காட்டியதையும் சேர்த்தே நினைவு கூர்கின்றார்.

மறுபக்கத்தையும் காட்டுதல் நமது கடன். அப்படத்தில் முதிய வீரராக நடித்த ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ், 1999-இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். சான் பிரான்சிஸ்கோவில் சிறுவன் ஒருவன் அவரை அணுகி, அப்படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னான். இனி அதனைப் பார்ப்பதில்லை என்று எனக்கு வாக்களிப்பாயா என்று கேட்டார் கின்னஸ். சிறுவன் அழுதான்; அவன் தாய் சினந்தாள். இளமை முழுவதையும் ஒரே கனவில் கழித்துவிடுவானே என்ற கவலை கின்னஸுக்கு. விழித்தெழச் செய்யும் கனவும் உண்டு, உறங்கவே வைக்கும் கனவும் உண்டு. காமரூனை லாரியிலிருந்து இறக்கிய அதே படம், இச்சிறுவனைக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டது. குற்றம் படத்தினுடையதா, பார்ப்பவருடையதா என்பதை வாசகரே சிந்தித்துத் தெளிக.

நினைவு இழைக்கும் பிழை

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். அன்று கண்டோரிற் பலர், திரையில் ஏறிச்சென்ற அம்மஞ்சள் எழுத்துக்களின் தலைப்பில் 'நான்காம் அத்தியாயம்' என்றிருந்ததாகவும், முதல் மூன்றும் எங்கே என்று அப்போதே வியந்ததாகவும் உறுதியாகக் கூறுவர். உண்மை அவ்வாறன்று. 1977-இல் அவ்வெழுத்து இல்லை. 1980-இல் வந்த அடுத்த படமே 'ஐந்தாம் அத்தியாயம்' என்னும் தலைப்புடன் வந்தது. அதற்கு இயைய, முதற்படத்தை 1981-இல் மீண்டும் வெளியிட்டபோதே 'நான்காம் அத்தியாயம்' சேர்க்கப்பட்டது. பின்னர்க் கண்டது முன்னர்க் கண்டதன் மேல் ஒட்டிக்கொண்டது.

மற்றொன்று கேளுங்கள். கதாநாயகன் தன் பால்ய நண்பனோடு பாலைவனத்து ஊரில் உரையாடும் காட்சியொன்று எடுக்கப்பட்டு, வெளியீட்டிற்கு முன்பே வெட்டப்பட்டது. அதனைக் கொட்டகையிலேயே கண்டதாகச் சாதிப்போர் உளர். அக்காட்சி, படத்திற்கு முன்பே வெளிவந்த நாவலிலும் சித்திரக்கதையிலும் இடம்பெற்றிருந்தது. ஏட்டிற் படித்ததை நெஞ்சம் திரையில் ஏற்றிவிட்டது.

இவர்கள் பொய்யர்களா? அல்லர். ஆங்கில உளநூல் அறிஞர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விளக்கியுள்ளார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர்க்குப் படிக்கக் கொடுத்து, நாட்கள் சென்றபின் திரும்பச் சொல்லச் செய்தார். தமக்கு விளங்காதவற்றை விட்டும், பழகியவற்றைச் சேர்த்தும், ஒவ்வொருவரும் கதையைத் தத்தம் மனத்திற்கேற்ப மாற்றிச் சொன்னார்கள். நினைவென்பது பெட்டியிற் பூட்டிவைத்த பொருளன்று. எடுக்குந்தோறும் புதிதாகக் கட்டப்படும் வீடு என்பதை அவர் காட்டினார்.

சினிமா பிறந்த நாளிலிருந்தே இக்குறை அதனைத் தொடர்கின்றது. லூமியேர் சகோதரர்கள் காட்டிய இரயில்வண்டிப் படத்தைக் கண்டு, வண்டி தம்மேல் ஏறிவிடுமென்று அஞ்சிப் பாரிஸ் மக்கள் ஓட்டமெடுத்தனர் என்று நூல்கள் பல எழுதி வந்தன. 1895 டிசம்பர் 28-இல் நிகழ்ந்த முதற்காட்சியின் பத்துப் படங்களில் அந்த இரயில் படம் இல்லவே இல்லை. 1896-இல் அது காட்டப்பட்டபோது மக்கள் ஓடியதற்கும் அக்காலத்துச் சான்று கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்தெழுத, கட்டுக்கதை சரித்திரமாயிற்று. புராணங்கள் எவ்வாறு பிறக்கின்றன என்றறிய நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நூறாண்டே போதும்.

படமே மாறிய கதை

நினைவு பிழை செய்யுமாயின், படத்தை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் மூன்றாம் வினா எழுகின்றது. முதலாவதாக, 1977-இலேயே அப்படம் ஒன்றாக இருக்கவில்லை. எழுபது மில்லிமீட்டர் சுருளுக்கு ஆறு தட ஒலி. முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளுக்கு 'டால்பி' ஒலி. அக்கருவியற்ற கொட்டகைகளுக்கு ஒரு தட ஒலி என மூன்று வகை அமைந்தன. அவற்றினிடையே சில குரல்களும் ஓசைகளும் வேறுபட்டன. பெருநகரத்தான் கேட்டதைச் சிற்றூரான் கேட்கவில்லை.

பெரிய மாற்றம் 1997-இல் வந்தது. லூக்காஸ் கணினியின் துணைகொண்டு புதிய உருவங்களைப் புகுத்தினார். முன்பு நீக்கிய காட்சியொன்றைச் சேர்த்தார். மதுக்கடையில் ஒருவன் தன்னை மிரட்ட வந்தவனை முந்திச் சுடும் காட்சியை, வந்தவனே முதலிற் சுட்டதாக மாற்றினார். தன்னலக்காரன் ஒருவன் பிறர்க்காக உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு உயர்வதே அப்பாத்திரத்தின் சிறப்பு. தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கினால் அவன் ஏறிய படிகள் குறைந்துவிடுகின்றன. ஆதலாற்றான் கண்டோர் கொதித்தனர். அதன்பின் மாற்றப்பட்ட படமே எங்கும் பரவிற்று. பழைய படம் 2006-இல் ஒருமுறை, பழைய வீடியோப் பிரதியொன்றிலிருந்து, தெளிவு குறைந்த நிலையில், வட்டில் இணைப்பாக வந்தது. முதலில் வந்ததை அரைகுறைப் படம் என்றே தாம் கருதுவதாக லூக்காஸ் 2004-இல் கூறினார்.

இதில் வியப்பு யாதெனின், 1988-இல் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சென்று, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணமேற்றி மாற்றுவது கூடாதென்றும், கலைப் படைப்புகள் ஒரு நாட்டின் பொதுச் செல்வமென்றும் வாதாடியவர்களுள் லூக்காஸும் ஒருவர். அவ்வாண்டே படப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1989-இல் காக்கத்தக்கவையென முதலாவதாகத் தேர்ந்த இருபத்தைந்து படங்களில் 'ஸ்டார் வார்ஸ்' ஒன்று. தன் நூலைத் திருத்த ஆசிரியனுக்கு உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. முதற்பதிப்பை எரித்துவிட உரிமை உண்டோ என்பதே கேள்வி. திருத்திய பதிப்பு அலமாரியில் இருக்கட்டும். முதற்பதிப்பும் அதனருகே இருத்தல் வேண்டும். கோடி மக்கள் கண்டு தம் வாழ்வோடு பிணைத்துக்கொண்டதில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் இதற்கு வழிகாட்டியது. தன் காப்பகத்தில் வண்ணம் மங்காமல் வைத்திருந்த 1977-ஆம் ஆண்டுப் பிரதியை, 2025 ஜூன் 12-ஆம் நாள் இலண்டனில் திரையிட்டது. 'நான்காம் அத்தியாயம்' என்னும் எழுத்து அதில் இல்லை. நாற்பத்தெட்டு ஆண்டு வாதத்திற்கு ஒரு பிலிம் சுருள் விடையிறுத்தது.

இதனினும் கொடிய கதி அடைந்தது ஜெர்மானிய டைரக்டர் பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்'. 1927 ஜனவரி 10-இல் பெர்லின் மக்கள் கண்ட முழுப்படம், வியாபாரத்திற்காக வெட்டிக் குறைக்கப்பட்டது. முதற்காட்சியைக் கண்டவர்கள் ஒவ்வொருவராய் மறைய, அவர்கள் கண்டதும் மறைந்தது. 2008-இல் அர்ஜென்டினாவின் தலைநகரிலுள்ள படக் காட்சிசாலையொன்றில், ஏறத்தாழ முழுமையான பிரதி கீறல் மிகுந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. 2010-இல் பெர்லின் மக்கள் அதனை மீண்டும் கண்டனர். இடையிற் கழிந்தவை எண்பத்து மூன்று ஆண்டுகள்.

நாம் செய்ய வேண்டுவது

பிறர் வீட்டுக் கதையைப் பேசி அமைவது நமது நோக்கமன்று. தமிழில் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. திரையிலே தமிழ் பேசக் கேட்ட முதற்கூட்டம் அப்படத்தின் கூட்டமே. அக்குரலைக் கேட்டு அவர்கள் அடைந்த கிளர்ச்சி எத்துணையதாயிருந்திருக்கும்! அப்படத்தின் பிரதி எங்கும் எஞ்சியதாகத் தெரியவில்லை. விளம்பரமும் பாட்டுப் புத்தகமும் பத்திரிகைக் குறிப்புமே அதற்குச் சான்றாக நிற்கின்றன. அமெரிக்கர் தம் படத்தின் எந்தப் பிரதி மெய்ப்பிரதி என்று வாதாடுகின்றனர். நமக்கோ வாதாடுதற்கும் பிரதி இல்லை!

சுருளைக் காப்பது காப்பகங்களின் வேலையென்று நாம் வாளாவிருத்தல் தகாது. நம் வீட்டு முதியோரிற் பலர், தாம் முதன்முதல் கண்ட படத்தைப் பற்றி இன்றும் சொல்லக் கூடியவர்கள். அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். கொட்டகையின் பெயர், ஆண்டு, டிக்கட்டு விலை, பக்கத்தில் அமர்ந்திருந்தவர், வீடு திரும்பிய வழி ஆகிய யாவற்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதி, எழுதிய தேதியையும் இடுங்கள். சொன்னதெல்லாம் மெய்யென்று கொள்ளற்க. பொய்யென்று தள்ளவும் வேண்டா. அக்காலத்துப் பத்திரிகையோடும் நோட்டீசோடும் ஒத்துப் பாருங்கள். மாறுபட்டால் அம்மாறுபாட்டையும் குறித்து வையுங்கள். ஒருவர் எதைத் தவறாக நினைவு கூர்கின்றார் என்பதும், அவர் எதை விரும்பினார் என்பதற்குச் சான்றாகும்.

பெட்டியடியிற் கிடக்கும் பழைய பாட்டுப் புத்தகத்தையும் கொட்டகை நோட்டீசையும் காகிதக்காரனுக்கு எடைபோட்டு விற்குமுன், ஒரு நூல்நிலையத்தாரிடமோ காப்பகத்தாரிடமோ காட்டுங்கள். அவர்கள் வேண்டா என்றபின் விற்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் வாசகர்கள் மறவாதிருப்பார்களாக.